பைக் கிளப்புக்கு வெப்சைட்டும் டி-ஷர்ட்டும்: ஒரு திருப்பூர்க்காரியின் செய்முறை

எங்கள் கிளப்பில் இப்போது 41 பேர். பாதிக்குமேல் புல்லட், மீதியில் சில ஆர்எக்ஸ் 100, பல்சர், உதைத்தால் மட்டும் உயிர் வரும் ஒரு பழைய யெஸ்டி. பெண்கள் ஆறு பேர். நான் திருப்பூரில் ஒரு ப்ரிண்டிங் பட்டறையில் ஆர்ட்வொர்க் போடுகிறவள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் வைத்து, "சட்டை வேலைதானுங்க அம்மணி, நீங்களே பாத்துக்கங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சட்டையோடு வெப்சைட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு லாட் பேட்ச் (சட்டையில், ஜாக்கெட்டில் தைக்கும் துணிச் சின்னம்) குப்பைக்குப் போனது, ஒரு டொமைன் (வெப்சைட்டின் முகவரி) கைவிட்டுப் போனது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். உங்கள் கிளப்புக்குச் செய்யும்போது இந்த வரிசையிலேயே போங்கள்.

முதலில் சின்னம்

எல்லோரையும் போல நாங்களும் மண்டை ஓட்டில்தான் ஆரம்பித்தோம். மண்டை ஓடு, இரண்டு பக்கமும் இறக்கை, கீழே பிஸ்டன். கூகுளில் தேடினால் இதே படம் ஆயிரம் வரும். சலிப்பு மட்டும் காரணம் இல்லை. இறக்கை வைத்த மண்டை ஓடு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற அமெரிக்க பைக் கிளப்பின் பதிவு செய்த வணிகச் சின்னம். 2010இல் அலெக்சாண்டர் மெக்வீன் என்ற பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் மேலேயே அதற்காக வழக்குப் போட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து நம்மைத் தேடி வரமாட்டார்கள்தான். ஆனாலும் வேறு ஒருவரின் அடையாளத்தைக் குத்திக்கொண்டு திரிவதில் நமக்கு என்ன பெருமை?

நம் ஊரில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். காங்கேயம் காளை இருக்கிறது. அதன் கொம்புகள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து மேலே போய், நுனியில் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். அந்த வளைவுக்குள் ஒரு வட்ட ஹெட்லைட்டை வைத்தேன். அவ்வளவுதான் லோகோ. கொம்பு ஹேண்டில்பார் மாதிரியும் தெரியும், காளை மாதிரியும் தெரியும். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். ராமநாதபுரத்துக்காரர் பாம்பன் பாலத்தை விட்டுவிட்டு அமெரிக்கக் கழுகைப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வரையும்போது பெரிதாக வரையாதீர்கள். சின்னம் போகப்போகிற இடங்களிலேயே சின்ன இடம் எது என்று பாருங்கள். பிரவுசர் டேபில் வரும் குட்டிப் படம் 16 பிக்சல்தான். தொப்பியின் முன்பக்கத்தில் எம்ப்ராய்டரிக்குக் கிடைக்கும் உயரம் ஐந்து சென்டிமீட்டருக்கு உள்ளேதான். இந்த இரண்டிலும் அடையாளம் தெரிந்தால் பேனரில் தானாகத் தெரியும். நான் செய்யும் சோதனை எளிமையானது: லோகோவைக் கறுப்பு ஒரே நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிரிண்ட் எடுத்து, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பேன். என் முதல் டிராயிங்கில் காளைக்கு மூக்கணாங்கயிறுகூட இருந்தது. நகம் அளவில் அது ஒரு கறையாகத் தெரிந்தது. எம்ப்ராய்டரி அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்கு நல்லாத்தானுங்க இருக்குது, நூலுக்கு ஆவாதுங்க அம்மணி." கயிறு போனது.

மோட்டார் கம்பெனிகளின் லோகோவைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நாம் அந்த வண்டி ஓட்டுகிறோம் என்பதால் அந்த எழுத்து நமக்குச் சொந்தமாகிவிடாது. சட்டையில் போட்டு விற்றால் அது அவர்கள் வணிகச் சின்னத்தை எடுத்து விற்பதுதான்.

முதுகுப் பேட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் முதுகில் மூன்று துண்டாகத் தைக்கும் பேட்ச்சுக்குத் தனி அர்த்தம் உண்டு. மேலே வளைவாகக் கிளப் பெயர், நடுவில் சின்னம், கீழே வளைவாக ஊர்ப் பெயர். அந்த வளைவுத் துண்டுக்கு ராக்கர் என்று பெயர். கீழ் ராக்கரில் ஊரைப் போடுவது "இது எங்கள் எல்லை" என்று சொல்வதற்குச் சமம். 2015 மே 17 அன்று டெக்சாசில் வேக்கோ என்ற ஊரில் கிளப்புகளுக்குள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஒன்பது பேர் செத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த பகையில் டெக்சாஸ் என்ற கீழ் ராக்கரை யார் போடலாம் என்பதும் ஒன்று என்று சொன்னார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் வருஷம் ஒருமுறை மகளைப் பார்க்க அதே டெக்சாஸ் போகிறவர். அவருக்காகவே ஒரே துண்டு வட்டப் பேட்ச் என்று முடிவு செய்தோம். "எம்சி" (மோட்டார்சைக்கிள் கிளப்) என்ற இரண்டெழுத்தும் அதே காரணத்துக்காக வேண்டாம். ரைடிங் கிளப் என்று சொன்னாலே போதும்.

தமிழ் எழுத்து, அதுவே பாதி வேலை

எங்கள் கிளப் பெயரில் "கொங்கு" என்ற சொல் இருக்கிறது. முதல் லாட் பேட்ச் ஐம்பது வந்தபோது பையைப் பிரித்துப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒற்றைக்கொம்பு "க"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஐம்பதும் அப்படியே. தைத்தவர் வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவன்மேல் குற்றமும் இல்லை. நான் யூனிகோடில் டைப் செய்த ஃபைலை அப்படியே அனுப்பினேன். அங்கே இருந்த பழைய டிசைன் சாஃப்ட்வேர் தமிழ் எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாதது.

ஆகவே எந்த ஃபைலை வெளியே அனுப்பினாலும் எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றிய பிறகு அது எழுத்து அல்ல, வெறும் வடிவம். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது. கூடவே ஒரு பிடிஎஃப், ஒரு ஜேபிஇஜி. "இந்தப் படத்தில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வரவேண்டும்" என்று ஒரு வரி. இந்த மூன்றும் இருந்தால் தமிழ் தெரியாதவர்கூடச் சரியாகச் செய்துவிடுவார்.

எம்ப்ராய்டரிக்கு இன்னொரு தொல்லை புள்ளி. ஆங்கில எழுத்து ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் சமாளித்துக்கொள்ளும். தமிழில் "ண", "ணை" போன்றவற்றின் சுழிகள் அந்த உயரத்தில் நூலால் அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி துணிக்குள்ளேயே மறைந்துபோகும். என் அனுபவத்தில் பத்து மில்லிமீட்டருக்குக் கீழே தமிழைத் தைக்கச் சொல்லக்கூடாது. பஞ்சிங் போடுகிறவரிடம், அதாவது படத்தைத் தையல் ஃபைலாக மாற்றுகிறவரிடம், புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

ஃபான்ட் எதை எடுப்பது? டிடிபி கடைகளில் புழங்கும் பழைய ஃபான்ட்கள் வெப்சைட்டுக்கு உதவாது. பாதிக்கு உரிமமும் கிடையாது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கும் பலூ தம்பி தலைப்புக்கு நன்றாக இருக்கிறது, உருண்டையாக, தடியாக. உடலெழுத்துக்கு முக்த மலர். இரண்டுமே திறந்த உரிமத்தில் வருபவை. சட்டையிலும் அடிக்கலாம், சைட்டிலும் போடலாம்.

வெப்சைட்

முதலில் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் முதல் டொமைனை ஆர்வமாக ஒரு தம்பி தன் சொந்த ஈமெயிலில் வாங்கினான். வேலை கிடைத்து ஊர் மாறினான், ரினியூவல் மெயில் அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போனது, யாரும் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து அந்த முகவரியைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம். எங்கள் ஸ்டிக்கர்களில் எல்லாம் அந்த முகவரிதான்! இருநூறு ஸ்டிக்கர் வீண். இப்போது கிளப்புக்கென்று தனி ஈமெயில், பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம், ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. ஸ்டிக்கரில் முகவரி அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

அடுத்தது, சைட் யாருக்கு? நமக்குள் பேச வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. சைட்டைப் படிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர், சேரலாமா என்று யோசிக்கும் புது ஆள். இன்னொருவர் அவருடைய அம்மாவோ மனைவியோ. இரண்டாமவர்தான் முக்கியம். எங்கள் கிளப்புக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தியின் அம்மா சைட்டை முழுக்கப் படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். "சாயங்காலம் எத்தன மணிக்குத் திரும்புவீங்க? ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குதுங்களா?" இரண்டும் சைட்டில் இல்லை. அன்று இரவே சேர்த்தேன்.

ரைடு பக்கம் எங்களிடம் இப்படி இருக்கும்:

"வால்பாறை. ஞாயிறு காலை 5.30க்குக் கிளம்புகிறோம். டேங்க் நிரப்பிவிட்டு வரவும். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு சோதனைச் சாவடியில் எல்லோரும் சேர்ந்த பிறகுதான் மேலே ஏறுவோம். 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் பத்து நிமிஷம். மேலே ஏறும்போது ஓவர்டேக் இல்லை. மாலை 6 மணிக்குள் பொள்ளாச்சி. ஹெல்மெட் பின்சீட்டுக்கும் கட்டாயம்."

இதற்குக் கீழே வரைபட இணைப்பு, வழித்தட ஃபைல், பக்கத்து ஆஸ்பத்திரி, பொறுப்பாளர் யார் என்ற விவரம். அவருடைய நம்பரைப் பொதுவில் போடாதீர்கள். ஃபார்ம் நிரப்பிய பிறகு அனுப்புங்கள். ஊட்டி, கொடைக்கானல் ரைடு என்றால் இ-பாஸ் இணைப்பும் அங்கேயே இருக்கட்டும். 2024 மே மாதத்திலிருந்து அது வழக்கத்தில் இருந்தும், கிளம்பும் அன்று காலையில்தான் பாதிப் பேருக்கு ஞாபகம் வருகிறது.

பைக் கிளப் சைட் என்றாலே கறுப்புப் பின்னணி, அதில் தங்க நிற எழுத்து. இரவில் வீட்டில் படுத்துக்கொண்டு பார்த்தால் அழகுதான். காலை ஏழு மணிக்கு ஆழியாறு வெயிலில் மொபைலைத் திறந்தால் அதில் நம் மூஞ்சிதான் தெரியும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. தமிழ் என்றால் 17, 18 பிக்சலுக்குக் குறையாமல், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு. மலையில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். ஆகவே முகப்பில் ஓடும் வீடியோ வேண்டாம். படங்களை வெப்பி (WebP) வடிவத்தில் சுருக்குங்கள். எங்கள் ரைடு பக்கம் மொத்தமும் 400 கேபிக்குள் இருக்கிறது. வேர்ட்பிரஸ் மாதிரி சைட் நடத்தும் சாஃப்ட்வேர் தேவையா என்று கேட்பார்கள். ஆறு பக்கம் உள்ள சைட்டுக்கு வேண்டாம். சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களை இலவசமாக வைக்க கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்கள் இருக்கின்றன. அப்டேட் செய்ய மறந்து ஹேக் ஆகும் தலைவலி இல்லை.

லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மேலே வரும் படத்தை மறக்காதீர்கள். 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள். முக்கால்வாசிப் பேர் உள்ளேயே வரமாட்டார்கள், அந்தப் படத்தோடு நின்றுவிடுவார்கள். அதனால் ரைடு தேதியையும் ஊரையும் அந்தப் படத்திலேயே எழுதிவிடுகிறேன்.

புகைப்படம் போடுவதற்கு எங்களிடம் சில கறார் விதிகள் உண்டு. நம்பர் பிளேட் தெரியக்கூடாது. ஹெல்மெட் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போகாது. ஸ்பீடோமீட்டர் படம் போகாது. அது நமக்கு எதிராக நாமே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். ரத்த வகை, வீட்டு நம்பர் எல்லாம் உறுப்பினர் அட்டையில் இருக்கட்டும், சைட்டில் வேண்டாம்.

சட்டை

இது என் தொழில், கொஞ்சம் நீளும்.

துணி நூறு சதவீதம் பருத்தி, சிங்கிள் ஜெர்ஸி (டி-ஷர்ட்டுக்கான சாதாரணப் பின்னல்), 180 ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் என்று அர்த்தம். 160 என்று வாங்கினால் விலை குறையும், ஆனால் நான்கு துவைப்பில் சுருண்டுவிடும். 220க்கு மேல் போனால் நம் ஊர் வெயிலில் ஜாக்கெட்டுக்குள் வெந்துபோவோம். பாலியஸ்டரில் மல்டிகலர் பிரிண்ட் பளபளவென்று வரும். சைலன்சரில் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு நான் அதைக் கொடுக்கமாட்டேன். துணி காம்பாக்டிங் போனதா, அதாவது பிறகு சுருங்காதபடி மெஷினில் முன்பே அழுத்தி எடுத்தார்களா என்று கேளுங்கள். போகாத துணி முதல் துவைப்பில் நீளத்தில் சுருங்கும், பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் முறுக்கிக்கொண்டு வரும்.

ஐம்பது அறுபது பீஸுக்கு உங்களுக்கென்று யாரும் சாயம் போட்டுத் தரமாட்டார்கள். தயாராகக் கிடைக்கும் கறுப்பு, நேவி, பாட்டில் கிரீன், மெரூன் இவற்றில் ஒன்றை எடுங்கள். நாங்கள் பாட்டில் கிரீன். கறுப்பு வேண்டும் என்று பெரிய சண்டையே நடந்தது. மலைப்பாதையில் சாயங்காலம் கறுப்புச் சட்டைக்காரரை லாரிக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்டேன். பாட்டில் கிரீனும் அப்படித்தான் என்று திருப்பிச் சொன்னார்கள், உண்மைதான். கடைசியில் முதுகில் ஒரு வரியை ரிஃப்ளெக்டிவ் பிரிண்டில் அடித்துச் சமாதானம் ஆனோம்.

பிரிண்ட் எங்கே போடுவது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓட்டும்போது சட்டை ஜாக்கெட்டுக்குள் இருக்கும்; ஜாக்கெட் இல்லாதவருக்கு முதுகில் பை இருக்கும். சட்டை வெளியே தெரிவது டீக்கடையில் மட்டும்தான். அப்போது நாம் வட்டமாக நிற்கிறோம், எதிராளி பார்ப்பது நெஞ்சைத்தான். அதனால் இடது நெஞ்சில் ஒன்பது சென்டிமீட்டருக்கு லோகோ. முதுகில் பெரிய படம் வேண்டும் என்றால் கோடுகளால் ஆன படமாக இருக்கட்டும், இடையில் துணி தெரியவேண்டும். அடைத்து ஒரே பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் மை) தகடாக அடித்தால் காற்றே போகாது. பொள்ளாச்சி தாண்டுவதற்குள் முதுகில் ஈரப் பலகையைக் கட்டியது போல இருக்கும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மையைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம். அடர்நிறத் துணி என்றால் அடியில் ஒரு வெள்ளை, அதற்கும் ஒரு ஸ்கிரீன். ஆகவே இரண்டு நிறத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பீஸ்தான் என்றால் ஃபிலிமில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் போதும்; ஸ்கிரீன் செலவு மிச்சம். மொத்தமாக அடிக்குமுன் ஸ்ட்ரைக் ஆஃப் கேளுங்கள். அதே துணியில், அதே மையில் அடித்த ஒரு துண்டு. மொபைலில் அனுப்பும் படத்தை நம்பி ஓகே சொல்லாதீர்கள். அந்தத் துண்டை வீட்டில் மூன்று முறை துவைத்து, கையால் இழுத்துப் பாருங்கள். பிரிண்ட் வெடித்தால் மை சரியாக வேகவில்லை. பிளாஸ்டிசாலுக்குக் கிட்டத்தட்ட 160 டிகிரி சூடு வேண்டும், அவசரத்தில் குறைத்துவிடுவார்கள்.

சைஸ் கேட்டால் எல்லோரும் கல்யாணத்துக்கு முந்தைய சைஸைச் சொல்வார்கள். நான் ஃபார்மில் எஸ், எம், எல் கேட்பதே இல்லை. "உங்களிடம் இருக்கும் நன்றாகப் பொருந்தும் டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதவும்." அவ்வளவுதான். பெண்களுக்குத் தனி கட்டிங் கேளுங்கள். ஆண்கள் சட்டையில் சின்ன சைஸைக் கொடுத்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றால் நாங்கள் அதை வீடு துடைக்கத்தான் வைத்துக்கொள்வோம்.

ஸ்டிக்கருக்கு லேமினேஷன் செய்த வினைல். டேங்கில் ஒட்டினால் பெட்ரோல் மூடிக்கு எட்டத் தள்ளி. பாலிகார்பனேட் ஹெல்மெட்டில் ஒட்டுமுன் அதன் கையேட்டைப் பாருங்கள், பசை சில ஓடுகளுக்கு ஆகாது. நம்பர் பிளேட்டில் எதையும் ஒட்டக்கூடாது.

காசு

முன்பணம் வாங்காமல் ஒரு பீஸ்கூட வெட்டச் சொல்லாதீர்கள். முதல் முறை "எல்லோரும் வாங்கிக்குவாங்க" என்று கூடுதலாக அடித்ததில் பதினான்கு டபுள் எக்ஸெல் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இப்போது பத்து நாள் ஃபார்ம் திறந்திருக்கும், யுபிஐயில் பணம் வந்த பெயர் மட்டும் லிஸ்டில். போன முறை 60 பீஸ், இரண்டு நிறம், எல்லாம் சேர்த்து ஒன்று 265 ரூபாய்க்கு வந்தது. 300க்குக் கொடுத்தோம். மீதியில் ஒரு முதலுதவிப் பெட்டி.

உறுப்பினர்களுக்குள் அடக்க விலைக்குக் கொடுப்பது வேறு, வெளியாருக்கு விற்பது வேறு. சைட்டில் கடை திறந்து பெங்களூருக்கும் கொச்சிக்கும் அனுப்ப ஆரம்பித்தால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும். ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ஆடை வருவது 25ஆம் வகுப்பில். ஆன்லைனில் தனிநபருக்கு 4,500 ரூபாய், சங்கத்துக்கு 9,000. பாதி மிச்சம் என்று ஒருவர் பெயரில் போட்டுவிடாதீர்கள். டொமைன் கதையேதான், அவர் விலகிப் போனால் கொம்பும் அவரோடு போய்விடும். ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். நாங்கள் அதை முடித்துவிட்டுத்தான் லோகோவுக்குப் போனோம்.

கடைசியாக, பட்டறையிலிருந்து டெலிவரி எடுக்கும்போது நல்ல பீஸை மட்டும் எண்ணாதீர்கள். பிரிண்ட் விலகியது, மை சிந்தியது, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன் செய்ய எடுத்த ஃபிலிமையும் வாங்கிக்கொண்டு, ஸ்கிரீனை அழிக்கச் சொல்லுங்கள். நாங்கள் விட்ட ரிஜெக்ட் மூன்று, செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) மூட்டையோடு மூட்டையாகத் திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போயிருக்கவேண்டும். போன மாதம் அவிநாசியில் டீ குடிக்க நின்றபோது, எங்கள் பாட்டில் கிரீன் சட்டையோடு பக்கத்தில் ஒரு பெரியவர். கொம்பு ஹெட்லைட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "எம்பது ரூவாங்க அம்மணி, துணி நல்ல துணி" என்று சொல்லிவிட்டு, தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பால் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.